உன் சென்டருக்கு நான் வந்த நாள்

பாபு,

போன வாரம் நீ போனில் கேட்ட போட்டோவை நான் இன்னும் அனுப்பவில்லை. சென்னையில் பெரிய கூட்டம், பல ஊர்களிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு சிரித்தமாதிரி ஒரு படம் வேண்டும் என்றாய். நானும் சரி என்றேன். கீதாவிடம் செல்போனைக் கொடுத்தேன். எடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் அவள் உன் போனை எடுக்காதது ஏன் என்றும் தெரியாது. "உன் தங்கச்சிக்கு வேலை அதிகம்" என்று நான் சொன்னதை நீ நம்பினாய், இல்லையென்றால் நம்பியதுபோல விட்டுவிட்டாய். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து வந்து பேசுகிறாய். பின்னால் யாரோ உன்னை சார், சார் என்று கூப்பிடுகிறார்கள். "சொல்லும்மா, சீக்கிரம்" என்கிறாய். சீக்கிரமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடாதே. கையில் வேறு வேலை இல்லாதபோது படி.

நீ பிளஸ் டூ முடித்தபோது நம் சொந்தத்தில் யாருக்கும் அந்தப் படிப்பின் பெயர் வாயில் நுழையவில்லை. ஆக்குபேஷனல் தெரபி. அம்மையார்குப்பத்து மாமா, "இன்னாடா அது, ஆளுங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்கிற படிப்பா?" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய்: "இல்ல மாமா. உடம்பு முடியாம, மனசு முடியாம போனவங்க இருக்காங்க இல்ல, அவங்க குளிக்கிறது, சமைக்கிறது, கடைக்குப் போறது எல்லாத்தையும் மறுபடியும் தானே செய்யறாப்ல ஆக்கிவிடற படிப்பு." மாமா உன் நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்க்கவில்லை. "அவன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிள் கடையைத் திறக்கப் போய்விட்டார். ஏன் அந்தப் படிப்பு என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

வேலூர் பக்கம் அந்த மனநல இல்லத்தில் நீ முதல் வேலைக்குச் சேர்ந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே முருகேசன் என்று ஒருவரைப் பற்றிப் பேசுவாய். வருடக்கணக்கில் பல் தேய்க்காதவர். "இன்னிக்கு பிரஷ்ஷ கையில வாங்கினாரும்மா" என்பாய். அடுத்த முறை வரும்போது, "பேஸ்ட்டு அவரே போட்டுகினாரும்மா." அவர் தானாகப் போய் குழாயடியில் நின்று பல் தேய்த்த அன்று நீ வேலூரிலிருந்து இனிப்பு வாங்கி வந்தாய். கீதா சிரித்தாள்: "யாரோ பல்லு தேச்சதுக்கு நமக்கு ஸ்வீட்டா?" நைனாவும் சிரித்தார். நான் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு சொந்தக்காரரை விசாரிப்பதுபோல முருகேசனை நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு நீ அந்த இல்லத்துக்குப் பொறுப்பாளரானாய். அப்புறம் அந்த மாவட்டத்துக்கே. இப்போது அந்த இல்லத்தை நடத்துகிற டிரஸ்டின் எல்லா மையங்களுக்கும் நீதான் தலைமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் நீ ஆட்களின் பெயரைச் சொல்வது எப்போது நின்றது என்று தெரியவில்லை. "பயனாளிகள்" என்கிறாய். போன பொங்கலுக்கு, "முருகேசன் எப்பிடிப்பா இருக்கார்?" என்று கேட்டேன். "யாரும்மா?" என்றாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டடம் வேண்டும், அனுமதி வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் ஓட ஒரு ஆள் இல்லாவிட்டால் முருகேசன் பல் தேய்க்க குழாய் ஏது? எனக்குப் புரியாமல் இல்லை.

நம் ஊரிலேயே ஒரு பகல்நேர மையம் திறக்கப்போகிறாய் என்றபோது நான் சந்தோஷப்பட்டேன். திறப்பு விழாவுக்குக் கல்யாண மண்டபம் எடுத்தாய். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாய். மேடையில் பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று குரலை இறக்கினாய். "மனநோய்னா என்னன்னு எனக்குப் புத்தகம் சொல்லித் தரலை. எங்க அம்மா சொல்லித் தந்தாங்க. அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க" என்றாய். காதில் பேச்சுக் குரல் கேட்டது, குடத்துத் தண்ணீரையெல்லாம் விஷம் என்று கொட்டியது, எல்லாவற்றையும் சொன்னாய். கடைசியில், "இன்னிக்கு அவங்க முழுசா குணமாகி உங்க முன்னாடி இருக்காங்க. அம்மா, ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க" என்றாய். நான் எழுந்து நின்றேன். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அதை நான் பார்த்தேன். என் பிள்ளை மனசார அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது, உன் தங்கச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பலர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த வீடியோ அன்று ராத்திரியே ஊர் முழுக்கப் போய்விட்டது.

நீ சொன்னதில் பொய் இல்லை. ஆனால் விட்டது நிறைய. கீதா பிறந்த பிறகு அந்த நோய் வந்தபோது உனக்கு எட்டு வயது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கோயில் மலைப்படி ஏறிப் போனவள் நான். பூக்கடைக்காரர் ஒருத்தர் பார்த்து நைனாவுக்கு ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு வீட்டில் அருவாமணை, கத்தி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் சைக்கிள் கடைக்குப் போய்விட்டன. உன் நைனா காலையில் கடையிலேயே காய் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்து சமைப்பார். மிஷன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தன. ஆனால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தேன். அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ரோஸி அக்கா பஸ் ஏறி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எனக்கு அவர்களை ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்காது. வாசலில் அவர்கள் குரல் கேட்டாலே போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வேன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நானும் ஒரு காயை எடுத்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் அவர்கள் நைனாவிடம், "அருவாமணைய எடுத்தாங்கண்ணா" என்றார்கள்.

"வேணாம்மா" என்றார் நைனா.

"நான் பக்கத்துலதான் இருக்கப் போறேன்."

"நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. அப்புறம் நான்தான இருக்கணும்? ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

"ஆங், நீங்கதான் இருக்கணும். அதனாலதான் நீங்களும் கூட உட்காருங்கன்றேன். எத்தினி வருஷத்துக்கு கடையில காய் நறுக்குவீங்க?"

நைனா எடுத்துக்கொண்டு வந்தார். நான் அவரைக்காய் நறுக்கி முடிக்கும்வரை அவர் வாசற்படியை விட்டு நகரவில்லை. மேடையில் நீ இந்தக் கதையைச் சொன்னாய், அழகாகச் சொன்னாய். ஆனால் அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிட்டாய். அதற்குப் பிறகும் இரண்டு முறை நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன், பாபு. சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக ரிட்டயர் ஆகும்வரை, ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் தூக்கம் குறையும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், அப்புறம் குறைப்பார். சர்க்கரை நோய்க்காரர் மாதிரி நான் இதோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன். "முழுசா குணமாயிட்டாங்க" என்று நீ சொன்னபோது, இனிமேல் எனக்கு உடம்பு முடியாமல் போகக் கூடாதே என்று அந்த நிமிஷமே ஒரு பயம் வந்தது.

விழாவுக்கு மறுநாளே எதிர்வீட்டு அம்மா வந்தார்கள். அவர்களும் வீடியோ பார்த்திருந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். ஜன்னல் மேல் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் குணமாயிட்டீங்கன்னு சொன்னாரே, இன்னுமா இத சாப்டுகினு இருக்கீங்க?" என்றார்கள். நான் அந்த அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் போட மறந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் மறந்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது கீதாவின் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப்பட்டிலிருந்து அந்த வரன் பேசி முடிந்திருந்தது உனக்குத் தெரியும். "பையனுக்கு வேலை மாத்தல் ஆகுதாம், தள்ளிப் போட்டிருக்காங்க" என்று உன்னிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. வீடியோ வந்த வாரமே தரகர் போன் செய்து, "இப்போதைக்கு வேணாம்ன்றாங்க" என்றார். நான் கீதாவிடம் சொல்லாமல் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். அந்தப் பையனின் அம்மா என்னை வாசலில் நிற்க வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுத்தார்கள்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. பொண்ணும் தங்கமான பொண்ணு" என்றார்கள்.

"அப்புறம் ஏங்க?"

"தெரியாம இருந்திருந்தா கல்யாணம் நடந்திருக்கும். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தாகூட, என் பையன்கிட்ட பேசிப் பார்த்திருப்பேன். இப்போ எங்க ஓரகத்தி போன்ல இருக்குது, கொழுந்தனாரு போன்ல இருக்குது. நாளைக்கு உங்க பொண்ணு கோவத்துல ஒரு வார்த்தை பேசினா, அம்மா மாதிரியேன்னுவாங்க. புள்ள பொறந்து ஒரு நாள் தூங்காம அழுதா, ஆரம்பிச்சிடுச்சின்னுவாங்க. அத தினம் கேட்டுகினே அவ இந்த வீட்டுல இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்கள் கூடவே வந்தார்கள். பஸ் கிளம்பும்வரை நின்றார்கள்.

நான் போய் வந்தது கீதாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. இ-சேவை மையத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், "மேடை ஏறதுக்கு முன்னாடி அண்ணன் உன்னக் கேட்டானா?" என்றாள். இல்லை என்றேன். "என்னையும் கேக்கல. பேசறதுக்கு அவனுக்கு நம்ம வீடுதான் கெடச்சுதா?" என்றாள். அன்றிலிருந்துதான் உன் போனை எடுப்பதில்லை. அவளிடம் நான் உனக்காகப் பேசிப் பார்த்தேன். முன்னால் நாம் மூடி மறைத்துக்கொண்டு வாழ்ந்தது மட்டும் நல்லாவா இருந்தது, நைனா யாரிடமும் மனம் விட்டுப் பேச முடியாமலே செத்துப்போனாரே என்றேன். "மறைக்கச் சொல்லல. சொல்லணும்னா நீ சொல்லு. இல்ல நான் சொல்றேன். அவன் யாரு நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து சொல்றதுக்கு?" என்றாள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தூக்கம் போயிற்று. மிக்ஸி ஓடும்போது அதற்குள் ஏதோ சத்தம் கேட்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் பேச்சுக் குரல்தான் வரும். இந்தத் தடவை வந்தது கைதட்டல். மிக்ஸியை நிறுத்தினால் நிற்கும். அப்புறம் நிறுத்தினாலும் நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, குழாயைத் திறக்கும்போது, மண்டபம் முழுக்கத் தட்டுகிறார்கள். நான் எழுந்து நிற்கவேண்டும்போல இருக்கும். ஒருநாள் கீதா வேலைக்குக் கிளம்பும்போது நான் சமையலறையில், குழாய்த் தண்ணீர் வழிந்தோட, சும்மா நின்றுகொண்டிருந்தேனாம். அவள் குழாயை மூடினாள். என் கையைப் பிடித்தாள். "மாத்திரை போடறியா, இல்லியா?" என்று கேட்டாள். அவள் வேலைக்கு லீவு சொன்னாள். "வா, கிளம்பு. அண்ணன் சென்டர்ல இன்னிக்கு டாக்டர் வர்ற நாள்" என்றாள். உன் மேல் அவ்வளவு கோபத்தில் இருந்தவள்தான் முதலில் உன் சென்டரை நினைத்தாள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் என் படம். திறப்பு விழாவில் நான் எழுந்து நின்றபோது எடுத்தது. கீழே "மீண்டு வந்தவர்" என்று பெரிய எழுத்து. அப்படி ஒன்று மாட்டியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதன் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோதே, வரவேற்பில் இருந்த பெண் எழுந்து ஓடி வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். "ஐயோ, சாரோட அம்மா! வாங்க வாங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். எல்லோரும் வந்துவிட்டார்கள். "இன்னிக்கு குடும்பத்துக்காரங்க கூட்டம் நடந்துகினு இருக்கும்மா. நீங்க ரெண்டு வார்த்தை பேசினா அவங்களுக்கு எவ்ளோ தைரியமா இருக்கும்" என்றாள். கீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். உன்னுடைய ஆட்கள் முன்னால், உன் படிப்புக்கும் பதவிக்கும் முன்னால், எனக்கு மறுபடியும் வந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். பேசினேன். பயப்படாதீங்க, மாத்திரையை விடாதீங்க, எல்லாம் சரியாகும் என்றேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், அவள் புருஷன் தறி ஓட்டுகிறவராம், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இவரும் உங்கள மாதிரி ஆயிடுவாராம்மா?" என்று கேட்டாள். ஆவார் என்றேன். அதைக் கேட்டு அங்கே இருந்தவர்கள் கை தட்டினார்கள். எது அறையில் தட்டுவது, எது என் காதுக்குள் தட்டுவது என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டாக்டர் அறையில் இருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டி நடந்து வெளியே வந்துவிட்டோம். ஆட்டோவில் கீதா என் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தனை நாள் அழாதவள்.

மறுநாள் சித்தூர் பஸ் ஏறினோம். அங்கே ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார்கள். கீதாவோடு வேலை செய்யும் பெண் சொன்னது. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. பேரைக் கேட்டார்கள், வயதைக் கேட்டார்கள், எப்போதிலிருந்து இப்படி என்று தெலுங்கில், "எப்பட்நுஞ்சி?" என்றார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை விட்டதைச் சொன்னேன். கைதட்டலைச் சொன்னேன். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை, திட்டவும் இல்லை. எழுதிக்கொடுத்தார்கள். இப்போது தூங்குகிறேன். மிக்ஸிக்குள் மிக்ஸி சத்தம்தான் கேட்கிறது, பெரும்பாலும். நாக்கு உலர்கிறது, காலையில் தலை கனக்கிறது. நேற்று ரசம் வைத்தேன். கீதா உப்பு அதிகம் என்றாள். சமாளித்துக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு பயந்துபோய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கார் எடுத்துக்கொண்டு ஓடி வராதே.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. உன் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் உன் சென்டருக்கு ஒரு நோயாளியாக வந்து, வந்த காரியத்தைச் சொல்ல முடியாமல் திரும்பினவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடு. சென்னைக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசாதே. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் வீட்டுக்கு வந்து கேள். கீதாவையும் கேள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. குணமானவர்களைக் காட்டி நம்பிக்கை கொடுக்கிறாய், அது நல்லதுதான். ஆனால் குணமானவர் என்று சொல்லப்பட்ட ஆள் மறுபடியும் முடியாமல் வந்தால் உட்கார ஒரு நாற்காலி வேண்டாமா? அந்தப் பொதட்டூர்பேட்டைப் பெண்ணிடம் நான் ஆவார் என்று சொன்னேனே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் புருஷன் நாளைக்கு மறுபடியும் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், நாம்தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டோம் என்று அவள் நினைப்பாள். யாராவது அவளிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நல்லது. அவள் பேரைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்.

கீதா உன்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. அந்த வரன் போனது போனதுதான். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். நீ அவளிடம் என்ன பேசவேண்டும் என்று எனக்குத் தெரியாது. போனில் மட்டும் பேசாதே.

வருகிற வெள்ளிக்கிழமை சித்தூருக்கு மறுபடியும் போகவேண்டும். அந்த டாக்டர் அம்மா வீட்டு ஆள் ஒருவர் கூட வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கீதாவுக்கு அன்று லீவு கிடைக்காது. நீ வருகிறாயா? வந்தால் பஸ்ஸிலேயே போகலாம். அங்கே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கவேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. நீ என்ன படித்தவன், எங்கே என்னவாக இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்ளாதே, அவர்கள் சொல்வதைத் திருத்தவும் செய்யாதே. என் பக்கத்தில் உட்கார்ந்திரு. நர்ஸ் வந்து கூட வந்தவர் யார் என்று கேட்டால், மகன் என்று சொல்.

அம்மா